நிலப்பிரபுவின் கட்டம்

12 ஜூலை 2002, வெள்ளி

எங்கள் அமீர்பேட் ஆபீசில் பழைய ஆங்கிலேய பார்லிமெண்ட் உறுப்பினர்களின் வாழ்க்கையைச் சுருக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். ஒவ்வொருவரையும் ‘எதிர்ப்பாளர்’ அல்லது ‘மன்னரின் ஆள்’ என்ற கட்டத்தில் போட்டாக வேண்டும்.

போன மாதம் ஒரு நிலப்பிரபுவுக்காக, பக்கத்து சீட்டில் வேலை பார்க்கும் மல்லிகா என்னோடு சண்டை போட்டாள். சபையைக் கேட்காமல் மன்னர் போட்ட வரியை எதிர்த்துச் சிறைக்குப் போனவர் அவர். பிறகு அதே மன்னரிடம் பதவி கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

“நக்கோ அண்ணா, வேணாம், ஜெயிலுக்குப் போன மனுஷனை மன்னரோட ஆளுன்னு போடாதீங்க.”

“கடைசியா எந்தப் பக்கம் நின்னாரு, அதுதான் கணக்கு,” என்று ‘மன்னரின் ஆள்’ என்றே போட்டேன். பெரிய நீதிபதி நான்.

நைட் ஷிப்ட் பெண்களுக்கு வண்டி வேண்டுமென்று மேனேஜரிடம் போய் நின்றது நானும் மல்லிகாவும்தான். அடுத்த வாரமே என்னை டீம் லீடர் ஆக்கினார்கள். இன்று ஆட்குறைப்புப் பட்டியலில் அவள் பெயர்.

“ஏதாவது சொல்லணுமா?” என்றார் மேனேஜர்.

இல்லை என்று சொல்லிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன்.

மல்லிகா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு அந்த நிலப்பிரபுவின் பக்கத்தைத் திறந்து, ‘எதிர்ப்பாளர்’ என்று மாற்றினேன். டீம் லீடர் மாற்றினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.