மைக்கை அழுத்திக்கொண்டே போட்ட சண்டை

"சும்மா இருடி, விமானம் இறங்குது!" என்று காலையில் கத்தினீர்களே, மைக் பொத்தானிலிருந்து விரலை எடுத்தீர்களா? கணினி விமான விளையாட்டில் உங்களோடு பறந்துகொண்டிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். "முதல்ல வீட்டம்மாவுக்குப் பதில் சொல்லுங்க சார், அப்புறம் இறங்கலாம்" என்று கட்டுப்பாட்டு அறைக்காரர் சொன்னது ஸ்பீக்கரில் வாசல்வரை கேட்டது. "பிளம்பர் எப்போங்க வரணும்?" என்றுதானே கேட்டேன்!

அதோடு காலைத் தேர்வு போயிற்று, நான்கு மணிக்கு மறுதேர்வு. இதிலும் கவனம் சிதறினால் ஆறு மாதம் பறக்க விடமாட்டார்களாமே. காலிங்பெல்லை அணைத்துவிட்டேன். உங்கள் செல்போன் பீரோவில். பிளம்பரை நாளைக்கு வரச்சொல்லிவிட்டேன். சாப்பாடு அடுப்புமேல், ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சாப்பிடுங்கள்.

குழந்தையோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன். முகம் தெரியாத அந்தக் கட்டுப்பாட்டு அறைக்காரர் சொல்வதை வரிக்கு வரி திருப்பிச் சொல்கிறீர்கள். எனக்கு ஒரு "ம்" கூட இல்லை. தேர்வு முடிந்ததும் நீங்களாகக் கூப்பிட்டால்தான் வருவேன்.

பி.கு.: கீழ்வீட்டு நர்ஸின் தங்கை புருஷனும் இப்படித்தானாம். அவள் பெட்டியோடு கிளம்பியதே அவருக்கு மறுநாள்தான் தெரிந்ததாம். போன மாதம் ஒரு பேக்கரிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்கே போய்விட்டாள்.