தலையாட்டலுக்குக் கிடைத்த பெட்ரோல்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்று நீ போனில் சொன்ன ரகசியத்தை உன் அம்மா முழுசாக நான்கு நிமிடம் காப்பாற்றினாள், அதுவும் நான் குளித்துக்கொண்டிருந்ததால்.

கார் வாங்கி முதல் தடவையாகத் தனியாகப் பெட்ரோல் பங்குக்குப் போயிருக்கிறாய், அந்த வெளிநாட்டில் போட்டுவிட ஆள் கிடையாது, நாமே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் கண்டுபிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் டாங்கை நிரப்பியிருக்கிறாய், இதுவரைக்கும் சபாஷ். அப்புறம் கண்ணாடிக்குப் பின்னால் கல்லாவில் இருந்த ஆளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அவனும் மரியாதைக்குத் திருப்பித் தலையாட்டியிருக்கிறான், பாவம், நீ உள்ளே வந்து பணம் கட்டுவாய் என்று நினைத்திருப்பான். இதில் பாதித் தப்பு என்னுடையது. நம் ஊர்ப் பங்கில் முப்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், நீ ஸ்கூட்டரில் வந்து போட்டுக்கொண்டு எனக்கு ஒரு தலையாட்டலோடு பறந்துவிடுவாய், நான் என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போடுவேன். பெட்ரோலுக்கு விலை உண்டு என்பதே இருபத்தாறு வயதுவரை உன் காதுக்கு எட்டவில்லை.

இப்போது காரின் படத்தோடு போலீஸ் கடிதம் வந்திருக்கிறது, அடுத்த மாதத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் லைசென்ஸ் போய்விடும், லைசென்ஸ் போனால் வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கட்டுப்போடும் உன் வேலையும் போய்விடும் என்று அம்மா அழுகிறாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத உன் மாமா சட்டம் பேச வந்துவிட்டார். வண்டி திருடு போயிடுச்சுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க என்கிறார். திருடன் டாங்கை நிரப்பி வாசலில் கொண்டுவந்து விட்டான் என்றும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், இரண்டாவது டீயைக் குடித்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போனார்.

நீ அப்படி எதுவும் எழுதித் தொலைக்காதே. நேரே அந்தப் பங்குக்குப் போய்ப் பணத்தைக் கட்டி ரசீது வாங்கு, அதை எடுத்துக்கொண்டு போலீசிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல். என்னைத் திருடின்னு நினைச்சுட்டாங்கம்மா என்று அழுதாயாமே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ வெளிநாடு போன பிறகு நம் ஊர்ப் பங்கில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினேன், பணம் தராமல் போனவர்களின் வண்டி எண்கள், மேலே திருடர்கள் என்று கொட்டை எழுத்தில், எல்லாம் என் கையெழுத்துதான். முதல் எண் கணக்கு வாத்தியாருடையது. அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கமே வராததால் திருடர்தான் என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி கொடுத்திருப்பாள் என்று அவரும், அவர் கொடுத்திருப்பார் என்று அந்த அம்மாவும் நினைத்துக் கிளம்பியிருக்கிறார்கள். அடுத்த தடவை வந்தபோது பலகையைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார்களாம். இரண்டு பேரும் எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

இன்று காலை பலகையைத் துடைத்துவிட்டேன். ஏன்யா என்று முதலாளி கேட்டார். சாக்பீஸ் தீர்ந்துபோச்சு என்றேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ரசீதின் நகலை மறக்காமல் அனுப்பு, அந்தப் பலகையில் இனி அது ஒன்றுதான் இருக்கப் போகிறது.

உன்னைவிட அதிகமாக வெட்கப்படும்,
அப்பா