உன் தம்பி வலைக்கு முன்னால் நிற்கிறான்

பிப்ரவரி கடைசிச் செவ்வாய்

அன்புள்ள வெஸ்,

இங்கே நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அலாஸ்காக் குளிரில் நீயும் பல், எலும்பு எதுவும் குறையாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் அறைக்காரன் ஸ்டுகல் பக்கத்துக் கட்டிலில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பான். அவன் காதில் இது விழவே கூடாது, ஏன் என்று முழுக்கப் படித்தால் தெரியும். வீட்டுச் செய்தி என்றால் நம் நாய் பிக்கிள்தான். போன வாரம் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு முள்ளம்பன்றியிடம் வம்புக்குப் போய், வாய் நிறைய முள்ளோடு திரும்பி வந்தது. உன் அப்பா அதை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் குறடு வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அடுப்படித் தரையெல்லாம் ரத்தம், என் கையிலும் ஒரு கடி. மறுநாள் காலையில் பார்த்தால் அந்தச் சனியன் மறுபடியும் அதே கொட்டகைக்குப் பின்னால் மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த வீட்டு ஆம்பளைகள் புத்தி நாய்க்கும் தொற்றிவிட்டது என்றேன். உன் அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு இந்த மாதம் எதற்குமே சிரிப்பு வருவதில்லை, உன் கல்லூரியும், அவர் கோச்சாக இருந்து உன் தம்பி டானர் ஆடுகிற கல்லூரியும்தான் போட்டித் தொடரின் முதல் சுற்றில் மோதப் போகின்றன என்று தெரிந்ததிலிருந்து ஃப்ரிட்ஜ் முன்னாலேயே நிற்கிறார்.

ஃப்ரிட்ஜ் கதவில் அவருடைய காந்த வில்லைகள் இன்னும் இருக்கின்றன, ஒவ்வொரு பையனுக்கும் ஒரு வில்லை. காலையில் காபி குடித்துக்கொண்டே ஒன்றை இங்கே நகர்த்துவார், ஒன்றை அங்கே நகர்த்துவார், பால் எடுக்கக் கதவைத் திறந்தால் என்மேல் எரிந்து விழுவார். அவர் கணக்கு மாறவே இல்லை. ஐஸ் ஹாக்கியில் முன்னால் ஆடுகிற ஒரு லைனுக்கு மூன்று பேர், ஒருத்தன் மூளை, ஒருத்தன் கால், ஒருத்தன் கழுதை. மூன்று மூளையைச் சேர்த்தால் பக்கை, அந்த ரப்பர் வட்டை, ஒருத்தருக்கொருத்தர் மரியாதையாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், கோல் விழாது. மூன்று கழுதையைச் சேர்த்தால் தண்டனைப் பெட்டியில் உட்கார இடம் இருக்காது. முதல் லைனில் இப்போது கால் யார் என்றால் மெலான்சன், கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக்கு வந்து இறைச்சி அடைத்த பேஸ்டி ஆறையும் ஒருவனாகத் தின்றானே அந்தக் குட்டைப் பையன். கழுதை நம் டானர். அதோடு போனால் பரவாயில்லை. பவர் ப்ளே வந்தால், எதிராளி ஒருத்தன் பெட்டிக்குள் போய் அவர்கள் நாலு, நாம் ஐந்து என்று ஆகிற அந்த இரண்டு நிமிடத்தில், நாலு பேர் தூர நின்று பக்கைச் சுற்றிச் சுற்றித் தட்டுவார்கள், ஐந்தாவதாக வலைக்கு முன்னால் போய் கோல் காக்கிறவன் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கிற வேலையும் டானருக்குத்தான். முன்னாலிருந்து பக் கணுக்காலில் அடிக்கும், பின்னாலிருந்து மட்டை முதுகில் அடிக்கும். டானருக்கு முன்னால் அங்கே நின்றவர்கள் எல்லாம் இரண்டு அடி வாங்கியதும் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். இவன் நகரவில்லை. இவன் நகராததால் கோலாக விழுகிறது, கோலாக விழுவதால் உன் அப்பா இவனை அங்கிருந்து எடுக்க மாட்டேன் என்கிறார். கோச் பையன் என்றால் இருப்பதிலேயே மோசமான இடத்தில்தான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் பேசும் என்பது இங்கே எழுதாத சட்டம். நீ அது பிடிக்காமல்தான் அவ்வளவு தூரம் போனாய், நீ வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. கடைசியாக இங்கே நடந்த ஆட்டத்தில் நமக்கு பவர் ப்ளே. டானர் வலைக்கு முன்னால் போய் நின்றான். எதிராளி பின்வரிசைக்காரன் ஒருத்தன், மாடு மாதிரி உடம்பு, முதலில் கணுக்காலில் வெட்டினான், அப்புறம் முழங்கால் மடிப்பில் வெட்டினான், நடுவர் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றான், அவன் நாசமாய்ப் போக. மூன்றாவது முறை அந்த மாடு மட்டையை இரண்டு கையிலும் குறுக்கே பிடித்துப் பிடரியில் ஓங்கி இடித்தான். டானர் முகம் நேராக வலையின் இரும்புக் கம்பத்தில் போய் மோதியது. அந்தச் சத்தம் எனக்கு மேலே படிக்கட்டு வரைக்கும் கேட்டது. விழுகிற போதே பக் இவன் இடுப்பில் பட்டு வலைக்குள் போய்விட்டது, ஊரே எழுந்து கத்துகிறது, மெலான்சன் ஓடிப்போய் அந்த மாட்டின் மணிக்கட்டில் மட்டையால் ஒரு போடு போட்டான், பத்துப் பேர் ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்து குத்திக்கொள்கிறார்கள், ஐஸில் ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தெரிகிறது. நான் படியிறங்கிப் போய்க் கண்ணாடியை இரண்டு கையாலும் குத்தினேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், நம் சபைப் பாதிரியார் பக்கத்திலேயே நின்றார், நின்றால் நிற்கட்டும். என் சுண்டுவிரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. டானர் எழுந்தான். கம்பி முகமூடி நசுங்கி மூக்கில் பதிந்திருந்தது. கையைத் தூக்கிக்கொண்டு நேராக எதிராளி பெஞ்சுக்குப் போய்க் கதவைத் திறந்து உட்காரப் பார்த்தான். வெறுப்பேற்றுகிறான் என்று நினைத்து ஊரே சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் கண்ணாடியைத் தட்டி, டானர், அது நம் பெஞ்சு இல்லை என்று கத்தினேன்.

ஞாயிறு மதியம் சாப்பிட வந்தான். அடுப்படி விளக்கை அணைக்கச் சொன்னான், கண் கூசுகிறதாம். தட்டில் கைவைக்கவில்லை. என்னைப் பார்த்து, வெஸ் எங்கம்மா, சாப்பிட வரலையா, கூப்பிடு, ஆறிடப் போகுது என்றான். நீ வீட்டை விட்டுப் போய் எத்தனை வருஷம் ஆகிறது! நான் கரண்டியை வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவனுக்கே ஏதோ தட்டியிருக்க வேண்டும், சும்மா ஜோக்கும்மா என்றான், எழுந்து பாத்திரம் கழுவுகிற தொட்டியில் வாந்தி எடுத்தான். திங்கட்கிழமை நானே கல்லூரி மருத்துவ அறைக்குப் போய் நின்றேன். டெஸ்ட் வச்சுப் பார்த்தாச்சு மார்லிஸ், செப்டம்பர்ல என்ன மார்க்கோ அதேதான் இப்பவும் வாங்கியிருக்கான், நான் எதை வச்சு அவனை உட்கார வைக்கிறது என்று அந்த ஆள் கையை விரித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. வெளியே வரும்போது மெலான்சன் வண்டி நிறுத்துமிடத்தில் காத்துக்கொண்டிருந்தான். ஆன்ட்டி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, என்னைக் கொன்னே போட்டுடுவான் என்று ஆரம்பித்தான். செப்டம்பரில் மூளைக்கு அந்தக் கம்ப்யூட்டர் டெஸ்ட் வைக்கும்போது பையன்கள் வேண்டுமென்றே தப்புத் தப்பாக அடிக்கிறார்களாம். அப்பவே மக்கு மாதிரி மார்க் வாங்கி வச்சுட்டா, அப்புறம் மண்டையில அடிபட்டாலும் ரெண்டும் ஒண்ணா இருக்கும் ஆன்ட்டி, விட்டுடுவாங்க, எல்லாரும் பண்றதுதான், ஆனா இவன் நேத்து ப்ராக்டிஸ்ல என் பேரையே மறந்துட்டான், எனக்கு பயமா இருக்கு என்று அழுதுவிட்டான். ஊரான் மணிக்கட்டை உடைக்கிறவன், என் தோளில் சாய்ந்து அழுகிறான். நீயும் அந்த டெஸ்டில் அப்படித்தான் செய்திருப்பாய், அதை இப்போது கேட்கப் போவதில்லை.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் டானரை வரச்சொல்லி நேருக்கு நேர் கேட்டார். எனக்கு ஒண்ணும் இல்லப்பா, மெலான்சன் ஒரு பயந்தாங்கொள்ளி, அம்மா அதுக்கு மேல என்றான். அவர் நம்பிவிட்டார். நம்ப வேண்டியிருந்தது, அதனால் நம்பினார். மருத்துவ அறை ஆளும் மறுபடி கேட்டார், டானர் மறுபடி மறுத்தான், தப்பாக அடித்ததற்குச் சாட்சி சொல்ல எந்தப் பையனும் வரமாட்டான், சொன்னால் தன் குட்டும் வெளிப்படும். அன்றைக்கு இந்த அடுப்படியில் நடந்த சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும். அவனை வலைக்கு முன்னாலிருந்து எடு என்றேன். வேற எவன் பெத்த பிள்ளையையாவது அங்க அடி வாங்க நிறுத்திட்டு, என் பிள்ளையை ஓரத்துல ஜாலியா சுத்த விடச் சொல்றியா, அப்புறம் அந்தப் பசங்க ரூமுக்குள்ள நான் எந்த மூஞ்சியோட போறது என்றார். அங்கே யாரையும் நிறுத்தாதே, நீயே போய் நில் என்றேன். டானரின் காந்த வில்லையைப் பிடுங்கித் தொட்டியில் கழிவரைக்கிற ஓட்டைக்குள் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். அது போட்ட சத்தத்தில் நாய் மேசைக்கடியில் ஓடிவிட்டது. மெஷின் பாழ். மறுநாள் காலையில் பார்த்தால் வில்லை இருந்த இடத்தில் ஒரு பீர் மூடியை ஒட்டி வைத்திருக்கிறார், அதே இடம், வலைக்கு நேர் முன்னால். டானர் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான். இன்னொரு தடவை ஐஸ் ரிங்க் பக்கம் வந்து என் மானத்தை வாங்கினா நான் இந்த வீட்டு வாசப்படியே மிதிக்க மாட்டேன் என்றான். எனக்குக் கை பரபரத்தது, அறைந்திருப்பேன், அவன் தலையை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் இங்கே வருகிறீர்கள், வெள்ளி, சனி, ஒன்றுக்கொன்று ஆனால் ஞாயிறும் ஆட்டம். முதல் பவர் ப்ளேயில் அவன் உங்கள் வலைக்கு முன்னால் நிற்பான். அவன் பின்னால் ஸ்டுகல் நிற்பான். ஸ்டுகல் என்ன செய்வான் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவன் பக்கத்தில் நின்று ஆடுகிறவன் நீ. எங்கள் ஆட்டத் திட்டத்தை உன்னிடம் இப்படி எழுதுகிறேன் என்று தெரிந்தால் உன் அப்பா என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவார், சாத்தட்டும். தம்பியை அடிக்காதே என்று ஸ்டுகலிடம் சொல் என்று கேட்க மாட்டேன். சொன்னால் இன்னும் ஓங்கி அடிப்பான், எனக்கு இந்த ஆட்டம் தெரியாதா? நான் கேட்பது வேறு. ஸ்டுகல் அடிப்பதற்கு முன்னால் நீ அடி. முதல் ஷிஃப்டிலேயே, இரண்டு பேரும் ஐஸில் இறங்குகிற முதல் நிமிடத்திலேயே, பவர் ப்ளே எதுவும் வருவதற்கு முன்னால், டானரைப் பிடித்து இழுத்து கிளவுஸைக் கழற்றிப் போட்டுச் சண்டை போடு. கல்லூரி ஆட்டத்தில் கைச்சண்டை போட்டவனுக்கு அந்த ஆட்டமும் போச்சு, அடுத்த ஆட்டமும் போச்சு. போன வருஷம் அந்த விஸ்கான்சின் பையன் மூக்கை உடைத்துவிட்டு நீ உட்கார்ந்திருந்தாயே, அதே சட்டம். வெள்ளியும் போய் சனியும் போனால் அவனுக்கு ப்ராக்டிஸ், ஆட்டம் என்று சாக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. தெற்கே ஒரு நரம்பு டாக்டரிடம் சனிக்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கு அந்த செப்டம்பர் மார்க் எதுவும் தெரியாது, இவன் கண்ணைத்தான் பார்ப்பார். அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எந்த அப்பனாலும் இவனை ஐஸில் இறக்க முடியாது.

நீ மட்டும் குத்தினால் உன்னை மட்டும்தான் வெளியே அனுப்புவார்கள், அவனும் குத்த வேண்டும். லேசில் குத்த மாட்டான், உன்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். அதனால் அவன் காதுக்குப் பக்கத்தில் போய், அப்பா கோச்சா இருக்கிறதாலதான்டா உனக்கு இந்த லைன், இல்லேன்னா நீ தண்ணி பாட்டில் தூக்கத்தான் லாயக்கு என்று சொல். இதை ஊரில் எவன் சொன்னாலும் துடைத்துப் போட்டுவிட்டுப் போவான், நீ சொன்னால் தாங்க மாட்டான். பொய் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அவன் மட்டும் நம்புவான். ரொம்ப நாளைக்கு உன்னோடு பேச மாட்டான். உனக்கு இது கடைசி வருஷம், பெரிய டீம் ஆட்கள் உன்னைப் பார்க்க வருகிறார்கள் என்றும் சொன்னாய். அவர்கள் வந்து உட்காருவதற்குள் நீ உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டிருப்பாய். ஒரு பிள்ளை தலைக்காக இன்னொரு பிள்ளை வாய்ப்பில் கைவைக்கிறாளே, இவள் என்ன அம்மா என்று நீ திட்டினால் திட்டு. கேட்கிறேன், அவ்வளவுதான். மறுத்தாலும் நீ என் பிள்ளைதான், ஆனால் நன்றாக யோசித்துவிட்டு மறு.

மற்றபடி ஒழுங்காகச் சாப்பிடு, மீன் தின்னத் தின்ன அலுத்துவிட்டது என்று சாப்பாட்டை விடாதே. இடது தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. விமானத்தில் ஸ்டுகல் பக்கத்தில் உட்காராதே, உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். இதைப் படித்ததும் சுக்குநூறாகக் கிழித்துப் போடு. பதில் எழுத வேண்டாம், வெள்ளிக்கிழமை நான் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருப்பேன், முதல் ஷிஃப்டில் எனக்குப் பதில் தெரிந்துவிடும். கர்த்தர் உன் கையையும் காலையும் தலையையும் காப்பாராக, உன் கைக்கு அளவோடு பலம் கொடுப்பாராக.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. என்ன ஆனாலும் அவன் ஹெல்மெட்டைக் கழற்ற விடாதே. விலாவில் குத்து, வயிற்றில் குத்து, ஜெர்சியைப் பிடித்த பிடியை விடாதே. இரண்டு பேரும் சேர்ந்து ஐஸில் விழும்போது, என் ராஜா, நீ அடியில் விழு, அவன் உன்மேல் விழட்டும்.

உன்னைப் பெற்றவள்,
மார்லிஸ்