கற்பனை என்று ஒரு வரி

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம் என்றுதான் எழுத வேண்டும். மாமாவுக்கு இருமல் நிற்கவில்லை. வேலைக்குப் போகாமல் படுத்தே இருக்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பத்திரிகையில் உன் கவிதையைப் பார்த்தேன். எங்கள் தையல் ஆலையில் சுவர் இடிந்து, சுருட்டை என்று நாங்கள் கூப்பிடும் பெண் செத்த அன்று நான் போனில் அழுதுகொண்டே சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் போட்டிருக்கிறாய். "செவுத்துல விரிசல் விட்டிருக்கு சார்னு சுருட்டை காலையிலயே சொன்னா. பேசாம தைன்னாரு சூப்பர்வைசர். மத்தியானம் அவ மேலயே விழுந்துச்சு." என் பெயரைப் போடாவிட்டால் என்ன? சுருட்டைக்குப் பக்கத்து மிஷின் யாருடையது என்று ஆலைக்கே தெரியும்.

மேனேஜர் கூப்பிட்டு விட்டார். "கவிதைதானே சார், என் தம்பி எதையாவது கற்பனை பண்ணி எழுதுவான்" என்று சமாளித்தேன். அதை நீயே எழுதித் தரணுமாம். மாமா இருக்கிற இருப்பில் என் வேலையும் போனால் எங்கே போவேன்? எனக்காக எழுதிவிடுடா.

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விபத்து பற்றி அதிகாரிகள் எழுதும் அறிக்கையில் இயந்திரம் இருக்கும், சுவர் இருக்கும், செத்தவள் இருக்கமாட்டாள். அதனால்தான் பார்த்தவர்கள் பேச்சையே கவிதையாக அடுக்கினேன், என் சரக்கு எதையும் சேர்க்காமல். அதைப் போய்க் கற்பனை என்று எழுதக் கை வரவில்லை.

ஆனால் நீ கேட்டு நான் எதைத் தட்டியிருக்கிறேன்? "கவிதையில் வருவன யாவும் கற்பனையே" என்று பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த இதழில் வரும். அலுப்பாக இருக்கிறது அக்கா. இனிக் கொஞ்ச நாள் எதையும் எழுதப்போவதில்லை.

மாமாவை டாக்டரிடம் காட்டு.

தம்பி

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

சுருட்டையின் அம்மா வீட்டுக்கு வந்தார். கவிதை வந்த பக்கத்தை மடியில் விரித்து, "எம்பொண்ணு நெஜமாவே சொன்னாளாம்மா? அவ கவனமில்லாம இருந்தான்னுல்ல ஆலையில சொல்றாங்க" என்றார். அவரிடம் கற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சொன்னாம்மா. நான் கேட்டேன்" என்றேன். அவர் அழவில்லை. "இத விபத்து விசாரணையில வந்து சொல்றியா?" என்று மட்டும் கேட்டார்.

போய்ச் சொன்னேன். ஆலை வக்கீல் எழுந்து உன் மறுப்பை உரக்கப் படித்தார். "கூடப் பொறந்தவரே கற்பனைன்னுட்டாரு. இந்த அம்மா இப்ப எதுக்குக் கதை கட்டுறாங்க?" என்றார். சிலர் சிரித்தார்கள். சுருட்டையின் அம்மா தலை குனிந்துகொண்டார். மறுநாள் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

உன்மேல் கோபமில்லை. நான் கெஞ்சித்தானே செய்தாய். அடுத்த விசாரணை மாதக் கடைசியில். நீ வரவேண்டும். அன்று போனில் நான் என்ன சொன்னேனோ அதைச் சொன்னால் போதும். உன்னைப் பொய்யன் என்பார்கள், உன் எழுத்தையே சந்தேகப்படுவார்கள். தெரிந்துதான் கூப்பிடுகிறேன்.

முந்தின நாளே வந்துவிடு. தூக்கமில்லாமல் போய் அங்கே நிற்க முடியாது.

அக்கா