நெவெனா ஏன் ஷூவை ஒளித்தாள்

மார்ச் 4, செவ்வாய், ரூஸே

என் புது நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயம் தேறவில்லை. சோஃபியாவிலிருந்து எவ்டோகியாவே போன் செய்தார். என் முந்தைய இரண்டு நாவல்களையும் செம்மைப்படுத்தியவர். பிடித்திருந்தால் இரண்டு வரி எழுதுவார். பிடிக்காவிட்டால்தான் போன்.

"சோர்னி, புருஷன் கப்பல் வேலைக்குக் கிளம்புறான். வாசல்ல வண்டி நிக்குது. இந்த நெவெனா அவனோட ஒரு ஷூவை எடுத்து மாவு டப்பாவுக்குள்ள ஒளிக்கிறா. ஏன்?"

"கோவம்..."

"கோவம்னா ரெண்டையும் ஆத்துல வீசியிருப்பா. ஏன்?"

"அவன் போகக் கூடாதுன்னு..."

"வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? நாப்பது வயசுப் பொம்பள. ஏன்?"

எழுதும்போது சிரிப்பு வந்தது, எழுதிவிட்டேன். இதையா அவரிடம் சொல்வது? மாதக் கடைசிக்குள் காரணம் கிடைக்காவிட்டால் காட்சியை வெட்டிவிடுவாராம். வெட்டினால் அதற்குப் பின்னால் வரும் எதுவும் நிற்காது. புத்தகம் மொத்தமும் அந்த ஒற்றை ஷூவில்தான் நிற்கிறது.

மார்ச் 7, வெள்ளி

கோபம் என்றே வைத்து எழுதிப் பார்த்தேன். நெவெனா மூன்று பக்கம் கத்துகிறாள். காலையில் படித்தால் சந்தைச் சண்டை. கிழித்துப் போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று பயம். தனியாக இருக்கப் பயப்படுகிறாளாம். யார், நெவெனாவா? நாலாம் அத்தியாயத்தில் காட்டுப்பன்றியைத் துடைப்பத்தால் விரட்டியவள்!

மார்ச் 16, ஞாயிறு

கீழ்வீட்டு ராதோய் சாப்பிட வந்தான். மாட்டு வைத்தியன். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவன் அவன்தான், இந்த ஆறு வருடமாக. காட்சியை நடித்துப் பார்க்கலாம் என்றேன். நான் நெவெனா, அவன் புருஷன். ஷூவைத் தேடச் சொன்னால் நேரே குளிர்பெட்டியைத் திறந்தான். பாலாடைக்கட்டியில் பாதி காலி.

"டேய், ஷூவைத் தேடு!"

"ஏன், புருஷனுக்குப் பசிக்காதா?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். நெவெனாவுக்குக் காரணம் மட்டும் வரவில்லை.

கிளம்பும்போது படியில் நின்று சொன்னான்: "இருபத்தொன்பதாம் தேதி பூர்காஸ் போறேன். அங்க பெரிய கால்நடை ஆஸ்பத்திரில கூப்பிட்டிருக்காங்க. அங்கேயேதான், இனிமே."

ரொம்ப சந்தோஷம் என்றேன். கடற்கரை ஊர், மீன் நன்றாக இருக்கும் என்றும் சொன்னேன்.

மீனா? மீனைப் பத்தி எதுக்குப் பேசினேன்?

மார்ச் 19, புதன்

ஒரு வரிகூட எழுதவில்லை. ஜன்னலைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன்.

மார்ச் 22, சனி

சாமான் கட்ட உதவுகிறேன் என்று நானாகத்தான் கீழே போனேன். ராக்கியா மதுக் கோப்பைகளை ஒவ்வொன்றாக, மூன்று தாள் வைத்துச் சுற்றினேன். அவன் கட்டி முடித்த பெட்டியைப் பிரித்து, "இது உடையும்" என்று மறுபடி அடுக்கினேன்.

"எழுத்தாளரம்மா, இந்த வேகத்துல கட்டினா நான் கிறிஸ்துமஸுக்குத்தான் போய்ச் சேருவேன்."

அப்புறம் ஒட்டுற டேப்பைக் காணோம். அலமாரி, அடுப்படி, கடைசியில் இரண்டு பேரும் மண்டி போட்டுக் கட்டிலுக்கடியில். அங்கே ஒரு பழைய காலுறைதான் கிடந்தது. அதற்கு அவன் ஒரு இரங்கல் உரை நிகழ்த்தினான். சிரித்துக்கொண்டே கோட்டுப் பையில் கை விட்டேன்.

டேப் அங்கே இருந்தது.

எப்போ போட்டேன்? சத்தியமா தெரியல. ஆனால் எடுத்துக் கொடுக்கவில்லை, அதுவும் உண்மை. இன்னும் கொஞ்ச நேரம் தேடினோம். நாற்காலிக்கு அடியில் பார்ப்பதுபோல் அதை வைத்துவிட்டு, "இதோ" என்றேன்.

படியேறி வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டேன். நெவெனா அவனைத் தடுக்க ஒளிக்கவில்லை! வண்டி போகத்தான் போகிறது, அது அவளுக்குத் தெரியும். அவன் தேடினால் அவளும் கூடத் தேடலாம். ஒரே கட்டிலுக்கடியில், தோளோடு தோள் இடிக்க. அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்க அவளுக்குத் தெரியாது.

கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

எவ்டோகியாவிடமிருந்து இரண்டு வரி. "இப்போது நம்புகிறேன். என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். மனுஷன் எழுந்துபோய் என் ஷூவைத் துடைத்து வைத்தார்."

துள்ளிக் குதித்தேன். முதலில் யாரிடம் சொல்ல ஓடினேன் என்று எழுதவும் வேண்டுமா? அவன் வீட்டில் இல்லை. பிரதியைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

ராதோய் சாயங்காலம் வந்தான், கையில் அத்தியாயத்தோடு. உட்காரவில்லை.

"தேடுற நேரம் பூரா அவ சந்தோஷமா இருக்கா. அது அவனுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? பொழுதன்னைக்கும் மாட்டு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கிறவனுக்கு?"

"சோர்னி, உன் கதையில அவன் கப்பல்காரன். மாட்டு வைத்தியன் நான்."

ஐயோ. அடுப்பில் எதுவும் இல்லை, இருந்தும் போய்க் கிளறினேன்.

"நீ டேப்பைப் பையில போட்டத நான் பாத்தேன்," என்றான் பின்னாலிருந்து.

"பாத்தியா? அப்புறம் எதுக்குடா கட்டிலுக்கடியில எல்லாம் தேடின?"

"ஏன்னு நீதான் விலாவாரியா எழுதியிருக்கியே."

திரும்பிப் பார்த்தேன். காது வரைக்கும் சிவந்திருந்தான். நெவெனாவுக்குத் தெரியாததை நான் செய்தாக வேண்டும். செய்தேன். வாயைத் திறந்து கேட்டேன்.

"உன்கூட வரவா?"

ஜூலை 12, சனி, பூர்காஸ்

வெயில் தாங்கவில்லை. எங்கே பார்த்தாலும் மணல், ரொட்டியில்கூட. அடுத்த வீட்டு ஸ்தோய்கா அம்மா தக்காளி கொண்டுவந்து கொடுத்துவிட்டு விசாரித்தார்.

"ரூஸே விட்டு இங்க வந்தது வேலைக்கா?"

"இல்லைங்க, என் வேலை எங்கேயும் நடக்கும்."

"அப்ப கடலுக்கா?"

"எனக்கு நீச்சலே தெரியாது."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

பால்கனியைக் காட்டினேன். ராதோய் ஈரச் சட்டைகளைத் தலைகீழாகக் காயப்போட்டபடி சுருதி இல்லாமல் பாடிக்கொண்டிருந்தான்.

"ஓ," என்றார். அதற்கு மேல் ஏன் என்று கேட்கவில்லை.