நியூட்ரானுக்குக் குறுக்கே உன் இரும்பு

இன்று கல்லறைத் திருநாள். உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ராயபுரம் வீட்டுக்கு வந்தேன். மேசைமேல் நீ கொடுத்த இரும்புத் தடி. இந்த மழைக்கு லேசாகத் துருப்பிடித்திருக்கிறது. துடைத்த கையில் அந்த வாசனை அடித்ததும் உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது.

என் ஆராய்ச்சி என்னவென்று உட்கார்ந்து கேட்ட ஒரே தோழி நீதான். அணுக்கருமீது ஹீலியம் கற்றையை மோதவிட்டு, உள்ளே ஒரு நியூட்ரானைப் புரோட்டானாக மாற்றுகிறோம். அந்தக் கரு கிளர்ந்துபோய் நிற்கும், பிறகு இன்னொரு நியூட்ரானை வெளியே தள்ளிவிட்டு அடங்கும், அப்படி வருவதைத்தான் எண்ணுகிறேன் என்றேன். "கோவம் வந்தா கையில கெடச்சத வீசுவியே, அந்த மாதிரியா?" என்றாய். கிட்டத்தட்ட அதுதான்.

என் வரைபடத்தில் ஒரு பெரிய மேடு வந்தது, அதுவரை யாரும் பார்க்காதது. டாக்டர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பிய நியூட்ரான்களாக இருக்கலாம் என்று என் வழிகாட்டி சந்தேகப்பட்டார். கருவிலிருந்து எண்ணும் கருவிக்கு வரும் நேர்வழியை இரும்பால் மறைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதும் வந்து சேர்பவை சுற்றி வந்தவை, அவற்றைக் கழித்துவிடலாம். சோதனைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சாத்தாங்காட்டில் உன் அப்பாவின் இரும்புக் கடைக்கு ஓடி வந்தேன்.

"இன்னாடி இது, எண்ண வேண்டியத நீயே மறைக்கிற?" என்று சிரித்தாய். பக்கத்து லேத்தில் கூடவே நின்று கடைந்து வாங்கி, மறுநாள் திருவொற்றியூர் ஸ்டேஷனில் சாக்கில் சுற்றிக் கொடுத்தாய். அடியில் சின்னதாக ஒரு சிலுவை கீறியிருந்தாய். வழிகாட்டி கேட்டபோது அளவுக் குறி என்று புளுகினேன்.

தடியைக் குறுக்கே வைத்தோம். பெரிய மேடு அசையாமல் அப்படியே நின்றது, அத்தனையும் சுற்றி வந்தவை. கழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமில்லை, தள்ளி ஒரு குட்டை மேடு மட்டும் மிச்சம்.

போனில் அழுதேன். அழுது முடித்ததும், "இல்லாதது போச்சு. இருக்கறது கீதுல்ல? அத்த எழுது" என்றாய்.

அதைத்தான் எழுதினேன். பட்டம் அதற்குத்தான் கிடைத்தது. கட்டிய ஆய்வேட்டை உன் கையில் கொடுப்பதற்குள் மஞ்சள் காமாலை முந்திக்கொண்டது. அதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ நேரில் வர இனி வழியில்லை. ஆனாலும் ஸ்டேஷனில் யாராவது சாக்கோடு இறங்கினால், எங்கேயாவது லேத் ஓடினால், எப்படியோ சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறாய். ஆய்வேட்டில் சுற்றி வந்ததையெல்லாம் நேர்மையாகக் கழித்தேன். உன் விஷயத்தில் எனக்கு அந்த நேர்மை வேண்டாம்டி.