துடைப்பம் பட்ட காடு

மாசி 5, திங்கள்

விடியலில் பனி. பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. செஞ்சி பஜாரில் வாங்கியது: அளவு டேப், மரத்துக்கு நம்பர் போட பெயின்ட், தலைவலி மாத்திரை. மாத்திரை எனக்கு.

புதன்கிழமை கார்பன் ஆபீசர் வருகிறார். எங்கள் குன்றுக் காடு எவ்வளவு கார்பனைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்ப்பாராம். மரம், புதர், உதிர்ந்த சருகு, எல்லாம் கணக்கு. தேறினால் காடு எங்கள் வனக்குழுவிடமே. தேறாவிட்டால் கல்குவாரிக்காரன் காத்திருக்கிறான். காட்டில் எதையும் தொடக்கூடாது என்று கூட்டத்தில் படித்துப் படித்துச் சொன்னேன். குழுத் தலைவர் முனுசாமி அண்ணன், "கவலப்படாத வசந்தா, ஜமாய்ச்சிடலாம்" என்றார். அப்போதே பயந்திருக்க வேண்டும்.

செவ்வாய்

நாள் முழுக்க வல்லம் ஒன்றிய ஆபீசில். "சார் மீட்டிங்ல இருக்காரு." "சார் சாப்பிடப் போயிருக்காரு." எல்லாம் ஒரு கையெழுத்துக்கு.

திரும்பும் பஸ்ஸிலிருந்தே தெரிந்தது, குன்றில் புகை. ஐயோ. ஓடினேன்.

மகளிர் குழு ஷகிலா அக்கா, கையில் துடைப்பம். பின்னால் குழு மொத்தமும். சருகெல்லாம் குவித்துக் கொளுத்தியாச்சு. பாதையோரம் பிளீச்சிங் பவுடர். முகப்பில் வாழைமரம் வேறு.

"இன்னாக்கா இது?"

"பெரிய மனுசன் வராரு. குப்பையா கெடந்தா நம்மள இன்னான்னு நெனப்பாரு?"

கார்பனைக் காப்பாற்றுகிறவர்கள் கார்பனைக் கொளுத்தி வரவேற்பு! கத்தித் தீர்த்தேன். அக்கா முகம் சுருங்கிவிட்டது. பாவம், இடுப்பொடியக் கூட்டியிருக்கிறார்கள். தலைவர் அசரவில்லை. "போன சருகு போவட்டும். வேற கொண்டாந்து கொட்டிட்டா போச்சு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

புதன்

புழுக்கம். ஆபீசர் ஒல்லி, தொப்பி. தரையில் சதுரச் சட்டம் வைத்து உள்ளே கிடக்கும் சருகை அள்ளினார். முதல் இடம்: வேர்க்கடலைத் தோல். அடுத்த இடம்: மாவிலை, கொஞ்சம் வைக்கோல். எங்கள் காட்டில் மாமரமே கிடையாது.

"ஏம்மா, இங்க வேர்க்கடலை மரத்துல காய்க்குதா?"

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா. "நீங்க வரீங்கன்னு கூட்டி எரிச்சுட்டாங்க சார். அப்புறம் அவங்கவங்க வூட்டுலேர்ந்து..." அழுகை வந்துவிட்டது. குன்று போயிற்று என்றே நினைத்தேன்.

மனுஷன் பாறையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மரம் மரமாக அளந்தார். சாயங்காலம்தான் வாய் திறந்தார்.

"சருகுக்கு சைபர். மரமே போதும், தேறிடும். ஆனா இனிமே காட்டுல துடைப்பம் படக்கூடாது. நெருப்பு கூடவே கூடாது."

எனக்கு உயிர் வந்தது. ஷகிலா அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் தலையாட்டினோம்.

தலைவர் மட்டும் கையைத் தூக்கினார். "சார், கலெக்டர் வந்தா மட்டும் லேசா கூட்டிக்கலாமா?"